பேட்சி பதிவுகளில் கிலோஹெர்ட்ஸ் அலைவுகள்: இரண்டு குறுங்கால காமா வெடிப்புகள் குறித்த நிகழ்வு ஆய்வு

காம்ப்டன் காமா கதிர் ஆய்வகம் 1991 ஏப்ரல் 5 அன்று அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின், ஜூலை 11 அன்று, அதில் இருந்த, வெடிப்புகளைக் கண்டறியும் பேட்சி உணர்கருவிகள் ஏறத்தாழ 14 மில்லிநொடியே நீடித்த ஒரு காமா கதிர் வெடிப்பை (விண்வெளியிலிருந்து திடீரென வந்து மறையும் உயர் ஆற்றல் ஒளிர்வை) பதிவு செய்தன. 1993 நவம்பர் 1 அன்று ஏறத்தாழ 34 மில்லிநொடி நீடித்த இன்னொன்று பதிவாயிற்று. முதலாவது ஜிஆர்பி 910711 என்றும், இரண்டாவது ஜிஆர்பி 931101பி என்றும் பெயர் பெற்றன. பேட்சி தன் ஒன்பதாண்டுப் பணிக்காலத்தில் கண்ட 2704 வெடிப்புகளுள் இவையும் இரண்டு பதிவுகளாக அடங்கிக் கிடந்தன. முதலாவது வெடிப்பில் மில்லிநொடிக்கும் குறைந்த கால அளவில் ஒளிர்வு ஏறியிறங்கியது 1992-லேயே கவனிக்கப்பட்டதைத் தவிர, அவற்றைத் தனியாக எடுத்துப் பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஆய்வகம் 2000 ஜூன் 4 அன்று கட்டுப்பாட்டுடன் வளிமண்டலத்துக்குள் இறக்கப்பட்டு அழிந்தது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர், 2023 ஜனவரியில், செசிலியா கிரென்ட்டி தலைமையிலான ஐவர் குழு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பேட்சி, ஸ்விஃப்ட், ஃபெர்மி ஆகிய மூன்று விண்கருவிகளும் பதிவு செய்த 700-க்கும் மேற்பட்ட குறுங்கால வெடிப்புகளை அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்திருந்தனர். அவற்றுள் இந்த இரண்டில் மட்டும், ஒளிர்வு ஏறக்குறையச் சீரான வேகத்தில் ஏறியிறங்குவது தெரிய வந்தது. ஜிஆர்பி 910711-இல் 1113 ஹெர்ட்ஸ், 2649 ஹெர்ட்ஸ் என்ற இரு அலைவெண்களும், ஜிஆர்பி 931101பி-இல் 877 ஹெர்ட்ஸ், 2612 ஹெர்ட்ஸ் என்ற இரு அலைவெண்களும் கிடைத்தன.

இந்த நிகழ்வை ஆராய்பவர் இரண்டு கூற்றுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அலைவு தற்செயலான இரைச்சல் அன்று, உண்மையில் இருந்தது என்பது ஒரு கூற்று. அது, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் இறந்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உடல்கள்) மோதி இணைந்ததில் பிறந்து, கருந்துளையாகச் சரிவதற்கு முன் சிறிது நேரம் மட்டுமே தாக்குப்பிடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்தது என்பது வேறொரு கூற்று. என் மதிப்பீட்டில் முதலாவதற்கான சான்று வலுவானது. இரண்டாவது, நம்பத்தக்க விளக்கங்களுள் முதலிடத்தில் நிற்கிறது என்ற அளவில்தான் சொல்லத்தக்கது. செய்திக் குறிப்புகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுவதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இணைவுக்குப் பின் என்ன நிகழ வேண்டும்?

இரு நியூட்ரான் விண்மீன்கள் இணையும்போது உருவாகும் உடலின் கதி, அவற்றின் மொத்த நிறையையும், அணுக்கருவையும் விஞ்சும் அடர்த்தியில் பொருள் எவ்வளவு இறுக்கத்தைத் தாங்கும் என்பதையும் பொறுத்தது. நிறை மிக அதிகமானால் அது உடனே கருந்துளையாகும். ஓரளவு குறைவாக இருந்தால், அமைதியாக நிற்கும் ஒரு நியூட்ரான் விண்மீனால் தாங்க முடியாத நிறையைக்கூட, உட்பகுதியும் வெளிப்பகுதியும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் எழும் விலக்கம் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும். மீநிறை நியூட்ரான் விண்மீன் என்று இதனைச் சொல்கிறார்கள். காந்தப் புலங்களும் உராய்வும் அந்த வேக வேறுபாட்டைக் கரைக்கக் கரைக்க, ஈர்ப்பு அலைகளும் (கால-வெளியில் பரவும் அதிர்வுகளும்) ஆற்றலை எடுத்துச் செல்லச் செல்ல, ஏறத்தாழ 10 முதல் 300 மில்லிநொடிக்குள் அது சரிந்து கருந்துளையாகிவிடும்.

அந்தக் குறுகிய வாழ்நாளில் அது அமைதியாக இருப்பதில்லை. வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே நடத்திய பொதுச் சார்பியல் கணினிப் பாவனைகள் எல்லாம், இணைவுக்குப் பிந்தைய ஈர்ப்பு அலையில் 1 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அகன்ற முகடுகள் தோன்றும் என்பதில் ஒத்துப்போகின்றன. அவற்றுள் மேலோங்கியது, நீண்டு தட்டையான வடிவில் சுழலும் உடலிலிருந்து வருவது. அத்தகைய உடல் ஒரு முறை சுழல்வதற்குள் அதன் தோற்றம் இரு முறை திரும்ப வருவதால், முகட்டின் அலைவெண் சுழற்சி வேகத்தைப் போல் இரு மடங்காகும். இதன்படி 2600 ஹெர்ட்ஸ் அலைவு, நொடிக்கு ஏறத்தாழ 1300 சுழற்சியைக் குறிக்கும். நாம் அறிந்த பல்சார்களில் (சுழலும்போது சீரான துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்களில்) மிக வேகமாகச் சுழலும் ஜே1748-2446ஏடி நொடிக்கு 716 முறையே சுழல்கிறது. ஒரு கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த முகடோ, உடல் முழுவதும் ஒருசேர விரிந்து சுருங்கும் அலைவாக இருக்கலாம். பேட்சி வெடிப்புகள் இரண்டிலும் ஒரு தாழ்ந்த முகடும் ஓர் உயர்ந்த முகடும் சேர்ந்தே கிடைத்திருப்பது இந்த எதிர்பார்ப்புக்குப் பொருந்துகிறது. இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தியும் அதுவே.

இதே அலைவை ஈர்ப்பு அலைகளில் நேரடியாகப் பார்ப்பதே முறையான வழி. ஆனால் இன்றைய கருவிகளால் அது இயலவில்லை. லைகோ போன்ற ஈர்ப்பு அலைக் கருவிகளில், லேசர் ஒளியின் ஒளியன்கள் (ஒளித்துகள்கள்) எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் கொள்வதால் எழும் இரைச்சல், அலைவெண் கூடக் கூட உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போகிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்த இணைவின் ஈர்ப்பு அலை தெளிவாகப் பதிவானபோதும், இணைவுக்குப் பிந்தைய பகுதியைத் தேடியதில் எதுவும் அகப்படவில்லை. அதற்கு 1.7 நொடி கழித்து வந்த காமா வெடிப்பு, இவ்வளவு அருகில் நிகழ்ந்தும் மங்கலாகவே இருந்தது. ஆகவே காமா கதிர்களில் தேடுவது என்பது வேறு வழியின்மையிலிருந்து பிறந்த முயற்சிதான். மைய உடலின் துடிப்பு, அது செலுத்தும் தாரையின் (ஒடுங்கிய வேகப் பாய்ச்சலின்) ஆற்றலைச் சிறிதளவு ஏற்றியிறக்கினால், அந்தத் தடம் காமா ஒளியன்களின் வருகை நேரங்களில் எஞ்சியிருக்கும் என்பதே அதன் அடிப்படை.

தேடலின் கணக்கு

ஒளியன்களின் வருகை நேரங்களை ஃபூரியே மாற்றத்துக்கு உட்படுத்தி, ஒவ்வோர் அலைவெண்ணிலும் எவ்வளவு திறன் இருக்கிறது என்று பார்ப்பது இத்துறையின் அன்றாட வேலை. வழக்கமான அளவுமுறையில், ஒளியன்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி வந்தால் திறனின் சராசரி 2 ஆக இருக்கும். ஓர் அலைவெண்ணில் அது தற்செயலாக ஒரு மதிப்பைத் தாண்டும் வாய்ப்பு, அம்மதிப்பில் பாதியைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் வீழும். திறன் 36 என்றால், வாய்ப்பு ஏறத்தாழ ஏழு கோடியில் ஒன்று. இதைக் கேட்டதும் ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் 20 மில்லிநொடி நீளமுள்ள ஒரு துண்டில் அலைவெண்கள் 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும்; 5000 ஹெர்ட்ஸ் வரை தேடினால் ஒரு வெடிப்புக்கு 100 இடங்கள், 700 வெடிப்புகளுக்கு 70,000 இடங்கள். அத்தனை இடங்களில் எங்கேனும் ஒன்றில் 36 தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது. துண்டின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாலோ, ஆற்றல் பட்டைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தாலோ இந்த எண் இன்னும் மோசமாகும். பார்த்த இடங்களின் எண்ணிக்கையை நேர்மையாகக் கணக்கில் சேர்க்காத எந்த அலைவுக் கண்டுபிடிப்பையும் நான் நம்புவதில்லை. கடந்த நாற்பதாண்டுகளில் வெடிப்புகளில் காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட சீர்மைகளுள் பல, இக்கணக்கின் முன் நிற்காமல் போயின.

இரைச்சலும் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. வெடிப்பு என்பது திடீரென எழுந்து தணியும் ஒன்று. அந்த எழுச்சியின் வடிவமே தாழ்ந்த அலைவெண்களில் பெருந்திறனைக் கொட்டும். வெடிப்போடு சேர்த்து அதன் முன்னும் பின்னுமான வெறும் பின்னணியையும் ஒரே துண்டாக எடுத்தால், புள்ளியியல் நிலையாக இல்லாத தரவுக்கு நிலையான தரவின் சூத்திரத்தைப் பயன்படுத்தியதாகிவிடும். அப்படிச் செய்யும்போது அலைவின் முக்கியத்துவம் (அது தற்செயலன்று என்பதன் புள்ளியியல் உறுதி) உண்மையைவிடப் பல மடங்கு மிகைப்படும் என்பதை 2022-இல் வந்த ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறான சிக்கல், உணர்கருவியின் செயலற்ற நேரம். ஓர் ஒளியனைப் பதிவு செய்த கணத்தில் கருவி அடுத்ததைக் காணாது. ஒளிர்வு மிகும்போது இந்தக் குருட்டுத்தன்மை இரைச்சலின் அளவை 2-க்குக் கீழே இறக்குவதோடு, அதன் தட்டையான வடிவையும் கெடுக்கும். கிலோஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்பவர்கள் இவ்விரண்டையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும்.

கிரென்ட்டி குழுவினர் ஒற்றை முகட்டின் உயரத்தை மட்டும் நம்பாமல், பேய்சியன் முறையில் மாதிரிகளை ஒப்பிட்டனர். இரைச்சல் மட்டும் என்ற மாதிரி தரவை எவ்வளவு விளக்குகிறது, இரைச்சலோடு அகலமுள்ள ஒரு முகடும் சேர்ந்த மாதிரி எவ்வளவு விளக்குகிறது என்பதே அங்கே கேள்வி. சரிந்துகொண்டிருக்கும் ஓர் உடலின் அலைவு ஒரே அலைவெண்ணில் நிலைத்து நிற்க முடியாது; அது நகரும், சிதறும். ஆகவே திறன் அருகருகே பல இடங்களில் பரவிக் கிடக்கும். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே சோதிக்கும் பழைய முறை அத்தகைய அலைவைத் தவறவிட்டுவிடும். அகலத்தையும் சேர்த்துப் பொருத்தும் மாதிரியே அதைப் பிடிக்கும்.

பேட்சி மட்டும் ஏன்?

பேட்சிக்குப் பின் வந்த இரண்டு கருவிகளின் தரவும் சேர்த்தே சோதிக்கப்பட்டது. ஆனால் அலைவு கிடைத்த இரண்டும் பேட்சியுடையவை. இது ஐயத்தைக் கிளப்ப வேண்டிய செய்திதான். ஆனால் கருவிகளின் அளவைப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. இத்தகைய அலைவின் முக்கியத்துவம், ஒரு நொடிக்கு வரும் ஒளியன்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் உயரும். கவனிக்கும் நேரம் நீள்வதற்கோ அதன் இருமடி மூலத்துக்குத்தான் உயரும். மில்லிநொடிகளில் முடியும் நிகழ்வில் நேரத்தை நீட்ட வழியில்லை. எனவே எல்லாம் ஒளியனைப் பிடிக்கும் பரப்பில் வந்து நிற்கிறது. பேட்சியில் எட்டு மூலைகளில் எட்டுப் பெரிய சோடியம் அயோடைடு படிகங்கள் இருந்தன; ஒவ்வொன்றின் பரப்பும் 2025 சதுர செ.மீ. ஃபெர்மியின் வெடிப்பு உணர்கருவியிலும் சோடியம் அயோடைடே பயன்படுகிறது. ஆனால் அதன் பன்னிரண்டு படிகங்களும் ஒவ்வொன்றும் சுமார் 126 சதுர செ.மீ. பரப்புடையவை. ஸ்விஃப்டின் கருவி பரப்பில் பெரியதென்றாலும், அது 15 முதல் 150 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான ஒளியன்களுக்கே ஏற்றது. குறுங்கால வெடிப்புகளோ அதற்கு மேலுள்ள ஆற்றல்களிலும் பெருமளவு ஒளிர்கின்றன.

பேட்சியின் பதிவு முறையும் கைகொடுத்தது. ஒவ்வோர் ஒளியனின் வருகை நேரத்தையும் 2 மைக்ரோநொடித் துல்லியத்தில் குறித்துவைக்கும் ஒரு நினைவகம் அதில் இருந்தது. 32,768 ஒளியன்களே கொள்ளும் சிறு நினைவகம் அது. நீண்ட வெடிப்புகளில் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும். ஆனால் 14 அல்லது 34 மில்லிநொடியில் முடிந்த வெடிப்பை முழுவதும் அடக்க அது தாராளமாகப் போதுமானது. 1980-களின் மின்னணுவியலால் வந்த இந்தக் கட்டுப்பாடு, தற்செயலாக, மிகக் குறுகிய வெடிப்புகளுக்கு மட்டும் எந்தக் குறையையும் வைக்கவில்லை.

முகடுகளுக்கு எத்தனை சுழற்சிகள் பின்னணியாக உள்ளன என்பதையும் பார்த்துவிடலாம். 14 மில்லிநொடியில் 1113 ஹெர்ட்ஸ் அலைவு பதினைந்து முறையும், 2649 ஹெர்ட்ஸ் அலைவு முப்பத்தேழு முறையும் நிகழும். 34 மில்லிநொடியில் 877 ஹெர்ட்ஸ் முப்பது முறையும், 2612 ஹெர்ட்ஸ் எண்பத்தொன்பது முறையும் நிகழும். உயர்ந்த முகடுகள் இரண்டையும் தயக்கமின்றி ஏற்கிறேன். ஜிஆர்பி 910711-இன் தாழ்ந்த முகட்டைக் குறித்துக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது: முழு வெடிப்பும் சில கூரிய முட்களாலானதாக இருந்து, அவற்றின் இடைவெளி ஒரு மில்லிநொடியை ஒட்டி அமைந்துவிட்டால், எந்த அலைவும் இல்லாமலேயே அங்கே ஒரு முகடு எழலாம். பதினைந்து சுழற்சிகள் அதை முற்றிலும் விலக்கிவிடப் போதியவை அல்ல.

இணைவுதானா?

அலைவு உண்மை என்று கொண்டபின், மூன்று இடங்களில் விளக்கம் தடுக்கிறது.

முதலாவது தொலைவு. பேட்சி ஒரு வெடிப்பின் திசையைச் சில பாகைத் துல்லியத்தில்தான் சொல்லும். அவ்வளவு பரப்பில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் இருக்கும். ஆகவே இரண்டு வெடிப்புகளின் செம்பெயர்ச்சியும் (விண்வெளி விரிவால் ஒளியின் அலைவெண் எவ்வளவு தாழ்ந்தது என்ற அளவும்) நமக்குக் கிடைக்கவில்லை. விண்வெளி விரிவு எல்லா அலைவெண்களையும் தாழ்த்தியே நம்மிடம் சேர்ப்பதால், 2649, 2612 என்பவை மூல உடலின் அலைவெண்கள் அல்ல. ஒன்றின் செம்பெயர்ச்சி 0.1, மற்றொன்றினுடையது 0.3 என்று வைத்துப் பார்த்தால், மூல அலைவெண்கள் முறையே 2914-உம் 3396-உம் ஆகிவிடும். வெவ்வேறு தொலைவுகளில், வெவ்வேறு நிறைகளோடு நடந்திருக்கக்கூடிய இரு நிகழ்வுகள் ஒன்றரை விழுக்காட்டுக்குள் ஒரே அலைவெண்ணைத் தருவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதை உறுதிப்பாடாக எடுத்துக்கொள்வது தவறு. விளக்கம் கேட்கும் ஒற்றுமை அது. தாழ்ந்த முகடுகளில் அந்த ஒற்றுமையும் இல்லை. உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்குமான விகிதம் ஒன்றில் 2.4, மற்றொன்றில் 3.

இரண்டாவது, போட்டியிடும் மூலம். மேக்னட்டார் எனப்படும் கடுங்காந்த நியூட்ரான் விண்மீன்கள் எப்போதேனும் பெருங்கிளர்வுகளை வெளியிடுகின்றன. அருகிலுள்ள வேறு விண்மீன் மண்டலத்தில் அது நிகழ்ந்தால், அதன் முதல் ஒளிர்வு நமக்குக் குறுங்கால காமா வெடிப்பாகவே தெரியும். 2020 ஏப்ரல் 15 அன்று என்ஜிசி 253 மண்டலத்திலிருந்து வந்த ஜிஆர்பி 200415ஏ அப்படிப்பட்டதே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஏசிம் கருவி அதில் 2132 ஹெர்ட்ஸ், 4250 ஹெர்ட்ஸ் அலைவுகளைக் கண்டது. கிலோஹெர்ட்ஸ் அலைவு மட்டுமே இணைவுக்கான முத்திரை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 14 மில்லிநொடி வெடிப்பு என்பது இணைவுகளுக்குக் குறைவு. பெருங்கிளர்வுகளின் தொடக்க ஒளிர்வுக்கோ வெகு பொருத்தம். 931101பி-யைவிட 910711-ஐ இந்த ஐயம் கூடுதலாகத் தொடும் என்று கருதுகிறேன்.

மூன்றாவது, துடிப்பு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது. காமா ஒளி மைய உடலில் பிறப்பதில்லை. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் தாரையில், வெகு தொலைவில் பிறக்கிறது. அங்கே வளைந்த ஒளிரும் பரப்பின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் வரும் ஒளியன்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அழிந்துவிடும். தாரை ஒளியின் வேகத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதைக் காட்டும் லொரென்ட்ஸ் காரணி 300 என்று கொண்டால், 2600 ஹெர்ட்ஸ் அலைவு அழியாமல் இருக்க, ஒளி பிறக்கும் இடம் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி கி.மீ.க்குள் இருக்க வேண்டும். தாரைக்குள் வேகமான பகுதி மெதுவான பகுதியை மோதுவதால் ஒளி பிறக்கிறது என்னும் மாதிரிகள் அதைப் போல் பத்து மடங்கும் நூறு மடங்கும் அப்பாலுள்ள தொலைவுகளையே தருகின்றன. தாரை ஒளி ஊடுருவும் நிலையை முதன்முதலில் அடையும் புறப்பரப்பிலேயே காமா கதிர்கள் வெளிவருகின்றன என்று கொண்டால் மட்டுமே கணக்கு இடங்கொடுக்கிறது. அதோடு, இணைவில் சிதறிய பொருள் சூழ்ந்திருக்கையில், கருந்துளை பிறப்பதற்கு முன்பே மீநிறை விண்மீன் அவ்வளவு தூய்மையான வேகத் தாரையைச் செலுத்த முடியுமா என்ற பழைய விவாதமும் இங்கே திரும்ப வருகிறது. ஆய்வின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். அலைவு இணைவிலிருந்தே வந்ததென்று நிறுவப்பட்டால், தாரைகளைப் பற்றிய நம் மாதிரிகளே மாற வேண்டியிருக்கும்.

அடுத்து வந்தவை

2021 டிசம்பர் 11 அன்று நிகழ்ந்த ஜிஆர்பி 211211ஏ, ஒரு நிமிடத்தை நெருங்கி நீடித்தும், கிலோநோவா ஒளியை (இணைவில் சிதறிய பொருளின் கதிரியக்கத்தால் எழும் ஒளிர்வை) காட்டியதால் இணைவாகக் கருதப்படுகிறது. அதன் முன்னோடி ஒளிர்வில் ஏறத்தாழ 22 ஹெர்ட்ஸ் அலைவு காணப்பட்டதாக ஒரு குழு கூறியது. அது இங்கே பேசும் வகையைச் சேர்ந்ததன்று; இணைவதற்கு முன் ஒரு விண்மீனின் ஓடு அதிர்ந்து உடைவதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். 2023 மார்ச் 7 அன்று வந்த ஜிஆர்பி 230307ஏ-யின் நிலை வேறு. அதுவரை பதிவானவற்றுள் ஒளிர்வில் இரண்டாமிடம் பெற்ற வெடிப்பு அது; ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் கிலோநோவாவையும் கண்டது. அதில் 160 மில்லிநொடி மட்டும் 909 ஹெர்ட்ஸ் துடிப்பு தென்பட்டதாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. வெடிப்பு தொடங்கி இருபது நொடிகளுக்கும் மேல் கழித்துத் தோன்றிய அத்துடிப்பை, உடனே சரியும் உடலோடு பொருத்த இயலாது. நீண்டு வாழும் ஒரு மேக்னட்டார் பிறந்திருந்தால்தான் அது நிகழும். கிலோநோவா இருப்பதால் மூலம் பற்றிய ஐயம் இங்கே குறைவு. ஆனால் ஒரு நிமிட நீளமுள்ள வெடிப்பில் 160 மில்லிநொடியைத் தேர்ந்தெடுத்ததால், முன்னர் சொன்ன இடங்களின் எண்ணிக்கைக் கணக்கு இங்கே கடுமையாகிறது.

இந்தக் கேள்வியைத் தீர்க்கக்கூடிய அளவீடு எதுவென்பது தெளிவாகவே இருக்கிறது. ஐன்ஸ்டீன் தொலைநோக்கி, காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயர்களில் திட்டமிடப்பட்டுள்ள அடுத்த தலைமுறை ஈர்ப்பு அலைக் கருவிகள், அருகில் நிகழும் இணைவுகளில் கிலோஹெர்ட்ஸ் முகட்டை நேரடியாகக் காணும் திறன் பெறும். அதே நேரத்தில் பேட்சியளவு பரப்புள்ள ஒரு காமா கருவி வானில் இருந்தால், ஒரே நிகழ்வின் இரு அலைவெண்களையும் ஒப்பிடலாம். விண்வெளி விரிவு இரண்டையும் ஒரே அளவில் தாழ்த்துவதால், தொலைவு அறியாமலேயே அவற்றின் விகிதத்தைப் பெற முடியும். விகிதம் ஒன்றாக இருந்தால், நீண்ட வடிவுடைய உடலின் சுழற்சியே தாரையை ஏற்றியிறக்குகிறது. ஈர்ப்பு அலையின் அலைவெண் காமா அலைவெண்ணைப் போல் இரு மடங்காக இருந்தால், தாரையை அசைப்பது உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள ஏதோவொன்று. அப்போது பேட்சி வெடிப்புகளிலிருந்து கணித்த நொடிக்கு 1300 சுழற்சி என்ற எண்ணைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.